காலம் நீதிபதி அன்று

கலைகளைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கின்றது. நல்லது நிலைக்கும், அல்லது அழியும். தீர்ப்பைக் காலம் சொல்லும் என்பதே அது. கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். நமது கடமையை அது எளிதாக்கிவிடுவதனால் அதன் இனிமை மேலும் கூடுகின்றது. ஆனால், மேனாட்டுச் சாஸ்திரீய இசையின் வரலாற்றிலே கறுப்பினக் கலைஞருக்கு நேர்ந்தவற்றை நோக்குமிடத்து, இந்நம்பிக்கையை நான் ஏற்பதற்கில்லை. காலம் தானாக எதையும் தீர்ப்பதில்லை. இசையரங்கு எதைத் தேர்ந்தது, பதிப்பாளர் எதை அச்சிட்டார், கல்லூரி எதைக் கற்பித்தது என்பவையே தீர்க்கின்றன. இவை யாவும் மனிதர் செய்யும் காரியங்கள். ஆகவே மனிதரே பொறுப்பாளிகள்.

ஓவியன் மறைந்த பின்னும் அவன் தீட்டிய படம் சுவரிலே இருக்கும். கண்ணுடையவர் எவரும் காணலாம். கவிஞனின் ஏடு பெட்டியிலே கிடந்தாலும் எடுத்தவன் படிக்கலாம். சிம்பனி எனப்படும் பெருவாத்திய இசையின் நிலை வேறு. எழுபது எண்பது வாத்தியக்காரர், அவர்களை நடத்தும் நெறியாளர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே பிரதி செய்த தாள்கள், ஒத்திகைக்கு நாட்கள், மண்டபம், இவற்றுக்கெல்லாம் பணம் என இத்தனையும் கூடினாலன்றி அது ஒலியாக மாட்டாது. ஆதலின், சிம்பனி இயற்றுபவர் எவராயினும், பிறர் கையிலிருக்கும் கதவு ஒன்று திறப்பதை எதிர்பார்த்தே எழுதுகின்றார். அக்கதவு சிலருக்கு நிறம் காரணமாகவே மூடப்பட்டதெனின், அங்கே காலத்தின் தீர்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை என்பதுதான் உண்மை.

இதற்குச் சான்றாக ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கின்றேன். புளோரன்ஸ் பிறைஸ் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்து லிட்டில் றொக் நகரிலே பிறந்தார். தந்தை பல் வைத்தியர். தாய் இசை கற்பித்தவர். மகளின் திறமையைக் கண்ட பெற்றோர் அவரைப் பொஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரிக்கு அனுப்பினர். அங்கே அவருடைய சொந்த ஊர் மெக்சிக்கோவிலே உள்ளதெனப் பதிவாயிற்று. கறுப்பினப் பெண் என்று அறிந்தால் நேரக்கூடிய இடர்களுக்கு அஞ்சித் தாய் செய்த ஏற்பாடு அது. இசை கற்கச் சென்ற பெண் முதலிலே தன் பிறப்பை மறைக்கக் கற்றாள்! 1906இல் ஓர்கனிலும் பியானோக் கற்பித்தலிலும் தேர்ச்சி பெற்று வெளியேறிய அவரைத் தாய்மாநிலத்து இசையாசிரியர் சங்கம் அங்கத்தவராக ஏற்க மறுத்தது. காரணம் நிறமேயன்றி வேறன்று.

1927இல் லிட்டில் றொக்கிலே கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் கும்பல் கொன்றது. அவ்வாண்டிலே பிறைஸ் குடும்பத்தினர் வடக்கே சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தனர். மணவாழ்வு முறிந்தது. இரு பெண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்போடு, ஊமைப்படக் கொட்டகைகளிலே ஓர்கன் வாசித்தும், வானொலி விளம்பரங்களுக்கு மெட்டமைத்தும், புனைபெயரிலே ஜனரஞ்சகப் பாடல்கள் எழுதியும் அவர் வாழ்ந்தார். 1931இன் தொடக்கத்திலே கால் முறிந்து வீட்டிலிருக்க நேர்ந்தபோதுதான் பெரியதொன்றை எழுத ஓய்வு கிட்டியது. அப்போது எழுதியதே ஈ மைனர் சுருதியில் அமைந்த முதலாம் சிம்பனி. 1932இல் வனமேக்கர் போட்டியில் அது முதற்பரிசைப் பெற்றது; பரிசுத்தொகை 500 டொலர். 1933ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பிறெடெரிக் ஸ்டொக் என்பாரின் நெறியாள்கையிலே சிக்காகோ சிம்பனிக் குழு அதனை அரங்கேற்றியது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணொருவர் இயற்றிய சிம்பனியைப் பெரிய வாத்தியக் குழுவொன்று வாசித்தது அதுவே முதற்றடவை.

அந்த இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். ஏனெனில், அநீதியைப் பேசுவோர் இசையை மறந்துவிடுவது வழக்கமாயிருக்கின்றது. இரண்டாம் பகுதியிலே பித்தளை வாத்தியங்கள் தேவாலயக் கீதம் போன்றதொரு பண்ணை நிதானமாக எடுத்துச் செல்ல, அடியிலே ஆபிரிக்க முரசின் ஒலி அடங்கிக் கேட்கின்றது. மூன்றாம் பகுதிக்கு ‘ஜூபா நடனம்’ என்று பெயர். அடிமைகளாயிருந்தோர்க்கு முரசு பல இடங்களிலே தடைசெய்யப்பட்டிருந்தது. அவர்கள் தம் தொடையையும் மார்பையும் கையால் தட்டித் தாளம் எழுப்பினர், அதுவே ஜூபா. கருவியைப் பறித்தவர்களால் தாளத்தைப் பறிக்க இயலவில்லை. அந்த வீம்பும் குதூகலமும் வயலின்களின் துள்ளலிலே வெளிப்படுகின்றன. இறுதிப் பகுதி முன்னையவற்றின் எடைக்கு ஈடன்று என்பது என் எண்ணம். அதையும் மறைக்க வேண்டியதில்லை. கேட்டவர்கள் குறைகூறலாம், கேட்கவிடாமற் செய்தவர்கள் கூறுதல் தகாது.

முதற் சிம்பனிக்குக் கிடைத்த வரவேற்புக்குப் பின் கதவுகள் திறந்திருக்க வேண்டுமல்லவா? திறக்கவில்லை. பொஸ்டன் சிம்பனிக் குழுவின் நெறியாளராயிருந்த சேர்கெய் கூஸெவிட்ஸ்கிக்கு அவர் 1935 முதற்கொண்டு பல கடிதங்கள் எழுதினார். தாம் பெண்ணாகவும் கறுப்பினத்தவராகவும் இருப்பது தமக்கு இரட்டைத் தடை என்று 1943இல் எழுதிய கடிதத்தில் ஒளிவுமறைவின்றிக் கூறினார். சலுகை வேண்டவில்லை, இசையைப் பார்த்துத் தகுதியைத் தீர்மானிக்கும்படியே கேட்டார். புதிய அமெரிக்க இசைக்குப் பேராதரவு தந்தவரென்று போற்றப்படும் அந்நெறியாளர் பிறைஸின் ஒரு படைப்பையேனும் அரங்கேற்றவில்லை. அவர் கற்ற நகரம் அவரைக் கேட்கவில்லை.

1939ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. பெரும்பாடகி மரியன் அன்டர்சனுக்கு வாஷிங்டனிலே ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ சங்கம் தன் மண்டபத்தைத் தர மறுத்தது. அதனால் அவர் லிங்கன் நினைவாலயப் படிகளிலே நின்று, ஏறத்தாழ 75,000 மக்கள் முன்னிலையிற் பாடினார். நிகழ்ச்சியின் நிறைவுப் பகுதியிலே, பிறைஸ் இசையமைத்த ஆன்மிகப் பாடல் ஒன்றும் இடம்பெற்றது. அன்று பிறைஸுக்கு 52 வயது நிறைந்த நாள். கறுப்பினத்தார் பக்திப் பாடலைப் பாடினால் உலகம் நெகிழ்ந்து கேட்டது. அவர்களே சிம்பனி இயற்றினால் அதற்குச் செவி கிடைக்கவில்லை. கலைஞனுக்கு எந்த அறையிலே இடமுண்டு என்பதைக்கூட வீட்டுக்காரரே வகுத்திருந்தனர்.

இன்னொரு முரண்பாட்டையும் இங்கே சுட்டாமல் இருக்க முடியவில்லை. பொஹீமிய இசைமேதை ட்வொர்ஷாக் நியூயோர்க்கிலே கற்பித்த காலத்தில், ஹரி பேர்லி என்ற கறுப்பின மாணவர் பாடிய ஆன்மிகப் பாடல்களைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தார். அமெரிக்காவின் எதிர்கால இசை அப்பண்களின் மீதே எழவேண்டும் என்று 1893இல் அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரிலே அரங்கேறிய அவருடைய ‘புதிய உலகு’ சிம்பனியும் ஈ மைனரே. அது உலகெங்கும் ஓயாது ஒலிக்கின்றது. ஒலிக்கட்டும், அதற்கு அத்தகுதி உண்டு. ஆனால் அந்தப் பண்களைப் பிறப்புரிமையாகக் கொண்ட பெண்மணி நாற்பது ஆண்டுகளின் பின் அதே சுருதியிலே எழுதியது எங்கே போயிற்று? செல்வம் வேண்டப்பட்டது, செல்வத்துக்கு உரியவர் வேண்டப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கின்றது.

பிறைஸ் 1953ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் காலமானார். அவருடைய இரண்டாம் சிம்பனி இன்றுவரை கிடைக்கவில்லை. 2009இல் இல்லினோய் மாநிலத்தின் சென் ஆன் என்ற ஊரிலே, பாழடைந்து கிடந்த வீடொன்றைத் திருத்த முற்பட்ட ஒரு தம்பதியர் அங்கே தாள்க் கட்டுகளைக் கண்டெடுத்தனர். அது பிறைஸின் கோடைகால வீடு. இரண்டு வயலின் கொன்சேட்டோக்களும் நான்காம் சிம்பனியும் அக்கட்டுகளில் இருந்தன. 1945இல் எழுதிய அந்த நான்காம் சிம்பனி 2018இலேதான், அவருடைய தாய்மாநிலத்துப் போட் ஸ்மித் நகர வாத்தியக் குழுவினால் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. 2022இல், பிலடெல்பியா வாத்தியக் குழு பதிவுசெய்த முதலாம், மூன்றாம் சிம்பனிகளுக்குக் கிராமி விருது கிடைத்தது. வீட்டை வாங்கியவர்கள் பழைய தாள் தானே என்று தீயிலிட்டிருந்தால், காலம் தீர்ப்பளித்துவிட்டது என்றல்லவா நாம் சொல்லியிருப்போம்? குடத்திலிட்ட விளக்கு அணைந்திருந்தால், விளக்கே இருந்ததில்லை என்று சாதித்திருப்போம்.

நல்லிசை எப்படியும் வெளிவந்தே தீரும், பாக்கைப் பாருங்கள் என்பர் சிலர். பார்ப்போம். பாக்கின் மத்தேயு பாடுகளின் இசை, அவர் மறைந்து பல்லாண்டுகள் பொதுமன்றத்திலே ஒலிக்காமற் கிடந்தது. 1829இல் இருபது வயது இளைஞன் மெண்டல்ஸோன் பேர்லினிலே முனைந்து நடத்தியதனாலேயே அது மீண்டும் உயிர்பெற்றது. பாக்குக்கே ஒரு மெண்டல்ஸோன் வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ஏனையோர் தாமாக எழுந்து வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இசைக்கு நிறமேது, செவிக்குத் தெரிவது சுருதி மட்டுமே. எனவே நிறத்தைச் சொல்லி ஒருவரை அரங்கேற்றுவதும் ஒருவகைப் பாகுபாடே என்பது மற்றொரு வாதம். இதனைச் சொல்வோரில் நல்லெண்ணமுடையோரும் உளர். ஆனால் நிறத்தைப் பாராதிருத்தல் என்னும் விதி, நிறத்தைப் பார்த்தே பூட்டிய கதவைத் திறந்த பின்னரே பொருளுடையதாகும். பூட்டை அப்படியே விட்டுவிட்டு, இனி எவரும் பூட்டைப் பற்றிப் பேசலாகாது என்பது சமத்துவம் ஆகாது.

எனினும், மறுபக்கத்திலும் ஒரு தவறு நடைபெறுகின்றது. குவாதலூப் தீவிலே அடிமைத் தாயொருத்திக்கு 1745இல் பிறந்து, பாரிஸிலே வயலினிலும் வாட்போரிலும் புகழ் கொடிகட்டிப் பறந்த செவாலியே சென் ஜோர்ஜை, ‘கறுப்பு மொஸார்ட்’ என்று அழைக்கின்றனர். மொஸார்ட் பிறந்ததோ 1756இல். பத்து வயதுக்கு மேல் மூத்தவரை இளையவரின் நிழலாக்குவது புகழ்ச்சியா? 1776இல் பாரிஸ் ஒப்பெராவின் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவிருந்தபோது, கலப்பினத்தவரின் ஆணைக்குப் பணியமாட்டோம் என்று நடிகையர் சிலர் அரசிக்கு விண்ணப்பித்துத் தடுத்தனர். அன்று பதவியை மறுத்தார்கள். இன்று பெயரை மறுக்கின்றோம். இவ்வாறே, ஆண்டுக்கு ஒருமுறை பெப்ரவரியிலே ‘கறுப்பினத்தார் இசை’ என்று தனிப்பந்தி விரித்து, மற்றைய மாதங்களில் மறந்துவிடுவதும் மரியாதையன்று.

வேண்டுவது இதுதான்: பிறைஸின் சிம்பனியை பிறாம்ஸுக்கும் ட்வொர்ஷாக்குக்கும் நடுவிலே, எவ்வித முன்னுரையுமின்றி, சாதாரண ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சியிலே வைக்க வேண்டும். ஒருமுறையன்று, பலமுறை வைக்க வேண்டும். ஒத்திகைக்குப் போதிய நாட்கள் ஒதுக்க வேண்டும். பிழைதிருத்திய பதிப்புகள் அச்சாக வேண்டும். மாணவர் பாடத்திட்டத்திலே அவை சேரவேண்டும். அதன் பின் ஒருவர், இப்பகுதி சிறப்பாக இல்லை என்று கூறுவாராயின், அவரோடு அமர்ந்து வாதிட நான் ஆயத்தமாயிருக்கின்றேன். வெள்ளையரான இரண்டாந்தரப் படைப்பாளர் எத்தனையோ பேருக்கு அந்த உரிமை தலைமுறை தலைமுறையாகக் கிடைத்து வந்திருக்கின்றது. அவர்கள் மேதைகள் என்று நிரூபித்த பின்னரா அரங்கிலே ஏற்றப்பட்டனர்?

ரசிகர்களுக்கும் இதிலே பங்குண்டு. நாம் எதைக் கேட்க விரும்புகின்றோம் என்பதைப் பார்த்தே வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் இயங்குகின்றன. பிறைஸின் முதலாம் சிம்பனியைத் தேடிப்பிடித்து ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டாலும் இன்னொருதரம் கேளுங்கள். அவர் வேண்டிநின்றதும் இரக்கத்தையன்று, செவியைத்தான்.