தலைமாட்டில் இருப்பவர்



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பியவர்கள் சர்ஜனின் பெயரை ஆயுளுக்கும் மறப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. ஆபரேஷன் முடியும்வரை தலைமாட்டில் இருந்து நம் மூச்சையும் நாடியையும் காவல் காத்தவர் அவர்தான்.

நம் ஊரில் அந்தப் பொறுப்பு மருத்துவர்களுடையது. அமெரிக்காவில் இதற்கென்றே தனியாகப் படித்துத் தேறிய நர்சுகளும் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். 1846இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்துகாட்டிய பிறகு, பல மருத்துவமனைகளில் அந்த வேலை பயிற்சி மருத்துவர்கள் தலையில் விழுந்தது. சர்ஜனாக வேண்டும் என்ற ஆசையில் இருந்த அந்த இளைஞர்களின் கண்கள் கத்தி பிடித்த கையின் மேலேயே இருந்தன. நோயாளியை மட்டுமே பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று சர்ஜன்கள் நர்சுகளிடம் வந்தார்கள்.

அந்த நர்சுகளில் ஆலிஸ் மகாவை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. மினசோட்டாவின் ராச்செஸ்டர் ஊரில், சர்ஜன்களான மேயோ சகோதரர்களின் ஆபரேஷன் அறையில் வேலை பார்த்தவர். நோயாளியின் மூக்கையும் வாயையும் மூடிய மெல்லிய துணிமேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். விட்டுக்கொண்டே பயம் தெளியும்படி பேசுவார். பயம் அடங்கினால் குறைந்த மருந்திலேயே ஆள் உறங்கிவிடுவார் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. இன்றுபோல் மானிட்டர் எதுவும் கிடையாது. மூச்சின் சத்தம், முகத்தின் நிறம், கண்பாவையின் அளவு இவைதான் கணக்கு. 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்கம் கொடுத்த அனுபவத்தை 1906இல் கட்டுரையாக எழுதினார். மயக்க மருந்தால் அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

நர்ஸ் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று வழக்குகூட நடந்தது. 1936இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாக்மார் நெல்சன் என்ற நர்சின் பக்கமே தீர்ப்பளித்தது. மருத்துவரின் மேற்பார்வை எவ்வளவு வேண்டும் என்ற வாதம் அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வாதம் நடக்கவும் வேண்டும். ஆனால் பட்டம் எதுவானாலும், முறையான பயிற்சியும் நோயாளியை விட்டு அகலாத கண்ணும் இருந்தே ஆக வேண்டும் என்பதை மகாவின் வேலை காட்டிவிட்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுப்பவர் முன்கூட்டி வந்து கேட்கும் கேள்விகளுக்கு எதையும் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆடுகிற பல், சிகரெட் பழக்கம், சாப்பிடும் நாட்டு மருந்து எல்லாமே அவருக்குத் தெரிய வேண்டும். ‘ஒரு வாய் காபிதானே’ என்று குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படியே அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.