மதிலும் மாரிநீரும்

1990ஆம் ஆண்டு போரினால் வலிகாமம் வடக்கினின்று பெயர்ந்த மக்களுட் பலர், மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முதலிய முகாம்களிற் கொட்டிலிட்டு வாழ்ந்தனர். 'தற்காலிகம்' எனப்பட்ட அவ்வாழ்வு சிலர்க்குக் கால் நூற்றாண்டையும் கடந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பெய்யுங்கால் அயல் என்பதன் பொருள் அங்கே விளங்கும். கொட்டில்களுக்கிடையே மதில் இல்லை. ஒருவர் கூரைநீர் மற்றவர் திண்ணையை நனைக்கும். ஒருவர் வாய்க்காலை அடைத்தால் வரிசை முழுவதும் வெள்ளத்தில் நிற்கும். ஆதலின் மண்வெட்டியும் பொது, உலர்ந்த விறகும் பொது.

அவ்வாழ்வை யான் புகழவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் ஒரு தலைமுறை வளர்ந்தமை பெருங்கொடுமையே. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டதுபோல எஞ்சிய நிலமும் உரியவர்க்கு மீளல் வேண்டும்.

ஆயினும், சொந்த வளவிலே வாழும் நாம் செய்வது யாது? கிடுகுவேலியை அகற்றிக் கன்மதில் எழுப்புகின்றோம்; வளவை மண்ணிட்டு உயர்த்துகின்றோம். நம் முற்றம் உலர, அயலவர் முற்றம் குளமாகின்றது. வேலியிலே பொட்டு வைத்துப் போக்குவரவு செய்த நம் முன்னோர் அறிவிற் குறைந்தவரல்லர். துன்பத்திடையே கொட்டிலிற் பேணிய அயலன்பைக் கல்வீட்டில் இழத்தல் கற்றோர்க்கு அழகன்று.

வீடு கட்டும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: மதிலின் அடியிலே மாரிநீர் செல்ல வழிவிடுக, அயலார் வந்துபோக ஒரு சிறு படலையும் வைக்க.