பச்சை பூத்த புழு

தென்னம்பிள்ளையின் ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல் விரிந்திருக்கக் கண்டால், அது கருவண்டின் வேலையென்று தோட்டமுடையோர் அறிவர். கொளுக்கிக் கம்பியால் குருத்துக்குள் குத்தி வண்டை வெளியே எடுப்பது நம்மவர் வழக்கம். நாமும் செய்திருக்கிறோம். ஆனால் வீட்டின் பின்புறத்து எருக்குவியலில் அதன் புழுக்கள் கொழுத்து வளர்வதை அப்பொழுது நினைத்தோமில்லை. குவியலில் நஞ்சு ஊற்றலாமே என்பர். அவ்வெருவே நாளை கத்தரிப் பாத்திக்குப் போவதை மறந்து பேசும் பேச்சு அது!

இப்புழுவுக்கு யமன் ஒருவன் மண்ணிலேயே உளன். மெற்றாரைசியம் என்னும் பூஞ்சணமே அது. 1879ஆம் ஆண்டில், அன்றைய ருஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் மெச்னிக்கோவ் என்னும் அறிஞர், கோதுமையை அழித்த வண்டின் புழுக்களை இப்பூஞ்சணம் கொல்வதைக் கண்டு, அதனையே ஆயுதமாக்கலாம் என்றார். உடல் நோயை எதிர்க்கும் விதத்தை ஆராய்ந்து 1908இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

புழு இதனை உண்ணவேண்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வித்தி தோலில் ஒட்டினாற் போதும். ஈரங்கண்டதும் முளைத்து, தோலைக் கரைத்துத் துளைத்து உட்புகுந்து, உடலெங்கும் பரவுகிறது. இறந்த புழு விறைத்து முதலில் வெண்மையாகவும், பின்னர் பாசி படர்ந்தாற்போற் பச்சையாகவும் மாறும். அப்பச்சைத் தூள் முழுவதும் புதிய வித்திகளே. ஆய்வுகூடங்களில் இதனை அவித்த அரிசியிலே வளர்க்கின்றனர். பழஞ்சோற்றில் பூஞ்சணங் கண்டால் முகஞ்சுளிக்கும் நமக்கு இது வியப்பே.

தெளித்த மறுநாளே எருவைக் கிளறிப் பார்த்து, "ஒன்றும் சாகவில்லை" என்று கைவிடுவோர் பலர். நஞ்சின் வேகத்தை இதனிடம் எதிர்பார்த்தல் தவறு. புழு மடிய ஒரு கிழமையும் ஆகலாம், மூன்று கிழமையும் ஆகலாம். கடும் வெயில் வித்திகளைக் கெடுக்குமாதலால் மாலையில் இடுதல் நன்று. குவியல் நனைந்தும் நிழலிலும் இருத்தல் வேண்டும். பயிரின் பூஞ்சண நோய்க்கு அடிக்கும் மருந்தை இதனுடன் கலந்தால் இதுவும் மடியும்.

சில கிழமைகளின் பின் கிளறும்போது பச்சை பூத்த புழு அகப்பட்டால், அருவருத்து எறிந்துவிடாதீர்கள். குவியலின் ஈரமான பக்கத்திலேயே அதனைப் புதைத்துவிடுங்கள்.