தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்



இந்த மாதம் நமுனுகுலயிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. 1983 வன்செயலின்போது எட்டு வயதில் தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்து, மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் தம்பியிடமே வந்து சேர்ந்திருக்கிறார். இப்போது லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் தனியாக இருக்கிறார். மகனுக்குக் கொழும்பில் வேலை.

"இரவில் கதவு அசைந்தாலும் நெஞ்சு பதறுகிறது அக்கா. ஒரு நாய் இருந்தால் உங்களுக்குத் துணை அம்மா என்கிறான் மகன். சின்ன வயதில் அப்பா துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். அங்கே காது நீளமாகத் தொங்கும் பழுப்பு நாய் ஒன்று இருந்தது. அதற்கு இறைச்சி அவித்துப் போடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அது ஸ்பானியல் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒருவர் கைத்தொலைபேசியில் குட்டியின் படம் அனுப்பியிருக்கிறார். பாதிப் பணத்தை இன்றைக்கே வங்கியில் போட்டால்தான் எங்களுக்காக வைத்திருப்பாராம். போடலாமா?"

கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்தது. உடனே பேசி, பணம் போட வேண்டாம் என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் நாய்களோடு வாழ்ந்திருக்கிறோம். ஆனால் காசு கொடுத்து நாய் வாங்கியவர்கள் குறைவு.

முதலில் இந்த இனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நம் நாட்டில் அதிகம் காணப்படுவது கொக்கர் ஸ்பானியல். புதருக்குள் ஒளிந்திருக்கும் பறவையைக் கிளப்பிக் கொடுப்பதற்காக ஆங்கிலேயர் வளர்த்த வேட்டைத்துணை அது. வளர்ந்தபின் 13, 14 கிலோ வரை இருக்கும். 12 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். மனிதரை ஒட்டியே இருக்க விரும்பும். தனியே கட்டிவைத்தால் வாடிப்போகும். கள்ளனைக் கடிக்கும் காவல் நாய் வேண்டுமென்றால் இது பொருந்தாது. ஆள் வந்தால் குரைத்து அறிவிக்கும், இரவில் காலடியில் படுத்திருக்கும், அது போதும் என்றால் பொருந்தும்.

இனி வாங்கும் விதம். இதில் முதல் விதி ஒன்றுதான். குட்டி பிறந்த இடத்துக்கு நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். "தாய் ஊரில் இருக்கிறது", "நீங்கள் வரவேண்டாம், நானே பஸ் நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம். அவர் வேறெங்கோ வாங்கி விற்கும் தரகராக இருக்கலாம். கையில் குட்டியே இல்லாமல் படத்தை மட்டும் வைத்துப் பணம் பறிப்பவராகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, சீட்டுப் பணத்தில் தெருவோரக் கூடையிலிருந்து ஒரு குட்டியை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். நான்காம் நாள் வாந்தி, பிறகு இரத்தக் கழிச்சல், ஆறாம் நாள் அது செத்துப்போயிற்று. அது பார்வோ வைரசு நோய். 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய இந்த நோய், தொற்றிய உடனே வெளியே தெரியாது. பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை செல்லும். வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி வீட்டுக்கு வந்தபின் விழுந்துவிடும். அதற்குள் விற்றவரின் தொலைபேசி நின்றுவிடும். போன பணத்தை விட, ஏற்கெனவே இழந்து நொந்த பிள்ளைகள் இன்னொரு சாவைப் பார்த்ததுதான் அந்தச் சகோதரிக்குத் தாங்கவில்லை.

தாயைப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கிறதா, தோலில் புண் உண்டா, காதில் நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். குட்டி போட்ட தாய் சற்றுக் களைத்திருப்பது இயல்பு. ஆனால் வளர்ப்பவர் கையைத் தூக்கியதும் அது பதுங்கினால், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையாவது ஈற்று, முந்தைய ஈற்று எப்போது என்று கேளுங்கள். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். பெரும்பாலான பெண் நாய்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்திலும் ஓயாமல் குட்டி போட வைத்துக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயின் உடம்பு உருகித்தான் அந்தக் காசு வருகிறது. அதில் நாம் பங்கெடுக்கக் கூடாது.

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கடிக்காமல் விளையாடுவதை அது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால் ஒரே ஊசி போதாது. "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்ற வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். திகதியும் கால்நடை வைத்தியரின் கையொப்பமும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சான்றிதழ். கெனல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீ லங்கா போன்ற சங்கங்கள் இன நாய்களைப் பதிவு செய்து வம்சச் சான்றிதழ் கொடுக்கின்றன. தாய், தந்தை, பாட்டன், பாட்டி யார் என்று அதில் இருக்கும். நல்லதுதான். ஆனால் அது நாயின் சாதகம் மாதிரி. உடல்நலத்துக்கு உத்தரவாதம் இல்லை. கொக்கர் ஸ்பானியலில் மெல்லமெல்லப் பார்வை போகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கும் பரம்பரை நோயும் உண்டு. அந்தப் பார்வை நோய் பெரும்பாலும் குட்டியில் தெரியாது, வளர்ந்தபின்தான் வெளிப்படும். ஆகவே பெற்ற நாய்களுக்குக் கண் எப்படி, ஏதாவது பரிசோதனை செய்ததுண்டா என்று கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கோபிக்காததோடு, அவரே உங்களிடம் கேள்வி கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மழைக்கு எங்கே படுக்கும்? நீங்கள் வைத்தியசாலையில் படுத்துவிட்டால் யார் சோறு வைப்பார்கள்? இதைக் கேட்டு நம்மில் சிலருக்கு முகம் சுருங்கும். "லயத்து ஆள்தானே என்று நினைத்துக் கேட்கிறாரோ" என்று தோன்றும். அப்படி நினைக்க வேண்டாம். பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பதில்லையா? ஒன்றுமே கேட்காமல் பணத்தை எண்ணிக்கொண்டு குட்டியைத் தருபவரிடம்தான் நாம் பயப்பட வேண்டும். உங்களால் பார்க்க முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் தருபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? விளம்பரத்தில் தொடங்காமல், உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் தொடங்குங்கள். யாருடைய நாய்கள் ஊசிக்கு ஒழுங்காக வருகின்றன, யாருடைய குட்டிகள் அடிக்கடி நோயோடு வருகின்றன என்பதை அறிந்தவர் அவர். நல்ல வளர்ப்பாளரிடம் எப்போதும் குட்டி இருக்காது. சில மாதம் காத்திருக்க நேரும். காத்திருங்கள்.

நமுனுகுலயின் குளிரும் மூடுபனியும் ஸ்பானியலின் தொங்கும் காதுக்கு ஒத்துவராது. ஈரம் உள்ளே தங்கிப் புண் வைக்கும். மழையில் நனைந்து வந்தால் காதைத் துடைத்து உலர்த்துங்கள். வாரம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். நீண்ட மயிரில் அட்டையும் உண்ணியும் ஒட்டும், தினமும் சீவ வேண்டும். தேயிலைக்குள் பறவையைத் துரத்தி ஓடும் பழக்கம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. மலைநாட்டில் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியும் உண்டு, நாயைத் தூக்கும் சிறுத்தையும் உண்டு. ஆகவே இரவில் வீட்டுக்குள் படுக்கட்டும். வெங்காயம், பூண்டு போட்ட கறிச்சோறு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், கொடுக்காதீர்கள். வெந்த கோழி எலும்பும் வேண்டாம்.

எந்த நாயானாலும் விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. சுகாதாரத் திணைக்களம் நாய்களுக்கு அதை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிக்கு எப்போது வருவார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

நமுனுகுல அம்மாவின் கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. "வன்னியில் எங்கள் வாசலில் ஒரு நாய் கிடந்தது. எங்கள் நாய் என்று நாங்கள் சொன்னதில்லை, சோறு மட்டும் வைப்போம். கடைசியாக ஓடும்போது அது பின்னாலேயே வந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். எனக்கு நாய் வளர்க்க அருகதை உண்டா?"

அம்மா, அன்று உங்கள் கையில் இருந்தது பிள்ளையின் கை. அதை விடாமல் கொண்டுவந்து சேர்த்தீர்கள். அந்தப் பிள்ளைதான் இன்று உங்களுக்குத் துணை தேடுகிறான். அந்த நாயை இத்தனை வருடம் மறக்காதவருக்கு அருகதை இல்லை என்று யார் சொல்வார்கள்? ஒரு ஏற்பாட்டை மட்டும் முன்னதாகவே செய்துவிடுங்கள். உங்களுக்கு இயலாத நாளில் நாயைப் பொறுப்பெடுப்பது யார் என்று தம்பி குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஸ்பானியல் கிடைக்கத் தாமதமானால், அல்லது விலை கைக்கு எட்டாவிட்டால், பக்கத்து லயத்தில் ஒரு தாய் நாய் போட்ட குட்டியையும் போய்ப் பாருங்கள். அங்கே தாயைப் பார்க்கலாம், வளர்த்தவரையும் தெரியும். ஊசி போட்டு வளர்த்தால் அதுவும் காலடியில்தான் படுக்கும். எந்தக் குட்டி என்பது உங்கள் விருப்பம். இந்தத் தடவை வேலிக்கு வெளியே நின்று பார்க்கத் தேவையில்லை. குட்டி வந்ததும் என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.