கோணிச் சாக்கும் கூகுள் வகுப்பும்

திரைக்குச் சாதி கிடையாது என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பெஞ்சு இல்லை, தண்ணிப் பானை இல்லை, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்கிற பேச்சே இல்லை, ஆகவே இணையவழி வகுப்பில் தீண்டாமை தானாகச் செத்துப்போகும் என்கிறார்கள். பி.எட். கல்லூரிக் கருத்தரங்குகளில் இதைத்தான் ஓதுகிறார்கள். ரயில் வந்தபோதும் இப்படித்தான் ஓதினார்கள். தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளியது எந்தத் தெருக்காரர்கள் என்று நமக்குத் தெரியும்.

என் அக்கா மகள் பி.எட். இரண்டாம் வருசம் படிக்கிறாள். அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டியதில் வந்த கோபம்தான் இது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த பாடத்திட்டத்தில், தகவல் தொழில்நுட்பத் தாளின் பெயரே ‘விமர்சனபூர்வமான புரிதல்’. பேரு பெத்த பேருதான். நோட்டில் என்ன இருக்கிறது? கூகுள் கிளாஸ்ரூம் திறப்பது எப்படி, ஃபார்ம் தயாரிப்பது எப்படி, பயன்கள் பத்து, குறைபாடுகள் மூன்று. அந்த மூன்றில் கண் எரிச்சல் இருக்கிறது. சாதி இல்லை.

அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணிச் சாக்கில் உட்கார வைக்கப்பட்டார். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டான். அதனால் சாயங்காலம் அவரே சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் அவரே தூக்கி வரவேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிவிட்டு நம் பிள்ளைகளிடம் சொன்னது என்ன? அவங்கவங்க சாக்கை அவங்கவங்களே கொண்டு வாங்க என்பதுதான். சாக்குக்குப் பெயர் ஸ்மார்ட்போன். 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதம், இணைய வசதி இருந்தது 14.9 சதவீதம். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு இது. கையில் வைத்துக்கொண்டேதான் வகுப்பை இணையத்துக்கு மாற்றினார்கள். கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் தேதி தொலைக்காட்சி, இணைய வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். கூலிக்காரர் மகள். வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது, ஸ்மார்ட்போன் கிடையாது.

வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தினமும் தெரிகிற சங்கதி. உதவித்தொகைக் கணக்கோடு வரும் பிள்ளையிடம் போன் நம்பர் கேட்டால், “அப்பா நம்பர் சார், அவரு வேலைக்குப் போயிருக்காரு” என்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் காலையிலேயே சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிடும். ஓ.டி.பி.யும் அதோடு போய்விடும், பாடமும் அதோடு போய்விடும்.

சரி, எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? கஹூத் என்று ஒரு வினாடி வினாக் கருவி, பயிற்சி ஆசிரியர்களுக்கு இதுதான் இப்போது செல்லப்பிள்ளை. சரியான பதில் சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு சீக்கிரம் அமுக்குகிறாயோ அவ்வளவு கூடுதல் புள்ளி. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் முன்னணிப் பெயர்கள் திரையில் வரிசை கட்டும். ஃபைபர் இணைப்புள்ள மாடி வீட்டுப் பையன் உடனே அமுக்குகிறான். டவர் கிடைக்காத காலனியில், விரிசல் விட்ட பழைய போனில் நம் பிள்ளை அதே பதிலை அமுக்கும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதில் ஒன்றுதான். புள்ளி வேறு. நெட்வொர்க் வேகம் மூளை வேகமாகக் கணக்கெழுதப்படுகிறது. ‘மெரிட்’ ‘மெரிட்’ என்று மண்டல் காலத்திலிருந்து கூவுகிறார்களே, அது தயாராகிற பட்டறை இதுதான், நேரடி ஒளிபரப்பில்! கேமராவை ஆன் பண்ணு என்று டீச்சர் அதட்டும்போது பின்னால் என்ன தெரியும்? ஓலை, தார்ப்பாய், குடித்துவிட்டுப் படுத்திருக்கும் பெரியப்பா. ஊர் எது சேரி எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு கூத்து. அக்கா மகளின் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) உதவித்தொகைக்கு விவரம் கேட்டு ஒரு ஃபார்ம் அனுப்பினார்கள். சாதி, வருமானம், அப்பா தொழில். நிரப்பிய பட்டியலின் இணைப்பை அப்படியே வகுப்பு வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். “மாமா, ரெண்டு வருசமா நான் யாருன்னு தெரியாம பழகினவங்க ஒரே ராத்திரியில தெரிஞ்சிக்கிட்டாங்க” என்றாள். கருவியைக் கற்றுக்கொடுக்கிற ஆசான்கள்தான் அனுப்பியது. யாருக்குப் பார்க்கும் அனுமதி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது பாடத்தில் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் நம் தோழர்கள் சிலர் உடனே, “அதான் சொல்றோம், இது கார்ப்பரேட் சதி, தொடாதே” என்கிறார்கள். அதையும் வாட்சப்பில்தான் அனுப்புகிறார்கள். தொடாதே என்கிற சொல்லை நம்மிடமே சொல்ல எப்படி வாய் வருகிறது? 1953இல் ராஜாஜி பாதி நாள் படி, மீதி நாள் அப்பன் தொழிலைப் பழகு என்றார். மறுவருசமே அந்தத் திட்டத்தைக் கைவிட வைத்தது தமிழ்நாடு. சேரிப் பெண்ணுக்குக் கணினி வேண்டாம், சாக்பீஸ் போதும் என்பதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தப்போன சாவித்திரிபாய் பூலே மீது சாணியடித்தார்கள். அவர் ஆசிரியப் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் போனார். பயிற்சி வெள்ளைக்காரன் சரக்கு என்று ஒதுக்கவில்லை.

திரை அவர்களுக்கு மட்டும் வேலை செய்யாது. ஐ.ஐ.டி. கரக்பூரில் பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பை இணையத்தில் நடத்திய பேராசிரியர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். 2021 ஏப்ரலில் அந்தக் காட்சி வெளியே வந்து நாடே பார்த்தது. நிர்வாகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. நாலு சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. இதற்கு இருந்தது.

அக்கா மகள் இன்டர்ன்ஷிப்பில் செய்ததைச் சொல்கிறேன். பிளிக்கர்ஸ் என்று ஒரு கருவி. பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கட்டக் கோலம். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அது பதில். டீச்சர் தன் ஒரே போனை வகுப்பின் மேல் ஒரு சுற்றுக் காட்டினால் எல்லாப் பதிலும் பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை கோலம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளை காப்பியடிக்கவும் முடியாது, தப்பைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. முந்தி அமுக்கினவனுக்குக் கூடுதல் புள்ளியும் இல்லை. வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்த ரெண்டு காலனிப் பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் கேட்டது, “ஸ்மார்ட் போர்டு ஏன் யூஸ் பண்ணல?” மார்க்கில் கை வைத்துவிட்டுப் போனார். ஸ்மார்ட் போர்டு இருந்த அறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போன் இல்லாத பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துவதைப் பி.எட். செய்முறைத் தேர்வில் சேர்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதவேண்டும். சாதி விவரப் பட்டியலைக் குழுவில் போடுகிற கல்லூரி மீது புகார் கொடுக்கவேண்டும். அவள் புகாரை எழுதி வைத்திருக்கிறாள். கூடக் கையெழுத்துப் போட அதே வகுப்பிலிருந்து இன்னும் நாலு பேர் வேண்டும்.