எமுலேட்டரில் ஆடினால் திருட்டா?

வில்லியனூரிலோ பாகூரிலோ காலேஜ் போகிற ஒரு பையனிடம் "காட் ஆஃப் வார் ஆடியிருக்கியா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எப்பவோ முடிச்சாச்சு" என்பான். "வீட்ல பிளேஸ்டேஷன் இருக்கா?" என்று அடுத்த கேள்வி கேட்டால் சிரிப்பான். கன்சோலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். அவன் ஆடியது யாரோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரில், எமுலேட்டர் போட்டு.

இந்த எமுலேட்டர் விஷயத்தில் இரண்டு கட்சி. "அது சுத்தத் திருட்டு" என்பது ஒன்று. "நெட்ல சும்மா கிடைக்குது, அப்புறம் என்ன?" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

எமுலேட்டர் என்ன செய்கிறது?

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்தது. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. 2013ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன் மெயின் சிப்பின் வேகம் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ், மெமரி 32 எம்பி. இன்றைய சாதாரண செல்போன் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் பழைய கம்ப்யூட்டரில் காட் ஆஃப் வார் திக்கித் திணறித்தான் ஓடும். ஏன்?

கன்சோல் சிப்புக்குப் புரிகிற பாஷை வேறு, கம்ப்யூட்டர் சிப்புக்குப் புரிகிற பாஷை வேறு. ஆட்டம் ஓட ஓட ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துத் தர வேண்டும். கட்சிக் கூட்டத்தில் டெல்லித் தலைவர் இந்தியில் பேச, பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வாரே, அதே வேலைதான். ஆனால் இங்கே மெயின் சிப், இரண்டு வெக்டர் யூனிட், கிராபிக்ஸ் சிப், சவுண்ட் சிப் என்று எல்லாத் தலைவர்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் பேச்சு ஒரு நொடி பிந்தினாலும் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும், படம் துண்டு துண்டாகும் :-)

இத்தனையையும் சம்பளம் வாங்காமல் 20 வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறது பிசிஎஸ்எக்ஸ்2 குழு. அதில் சோனியின் நிரல் எதுவும் இல்லை. அதனால்தான் பயாஸ் ஃபைலைத் தங்கள் சொந்தக் கன்சோலில் இருந்து எடுத்துக்கொள்ளும்படி ஆடுபவர்களிடமே சொல்லிவிடுகிறார்கள்.

கோர்ட்டும் சட்டமும்

கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி 1999ல் முதல் பிளேஸ்டேஷனுக்கு ஒரு எமுலேட்டர் விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000ல் அப்பீல் கோர்ட் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடமே சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி ஊற்றி மூடியது வேறு கதை. 2024ல் நின்டெண்டோவோடு மோதிய யுசு எமுலேட்டர் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது. அது கடையில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த ஸ்விட்ச் கன்சோலுக்கானது. பூட்டை உடைத்தார்கள் என்பதுதான் அங்கே பெரிய புகார்.

இந்தியாவில்? 1957ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1999ல் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். முறையாக வாங்கிய கணினி நிரலை வியாபார நோக்கமில்லாமல் சொந்த உபயோகத்துக்குப் படியெடுக்க அது இடம் தருகிறது. ஆக, கையில் ஒரிஜினல் டிஸ்க் இருப்பவனும் யாரோ ஏற்றிவைத்ததை டவுன்லோட் செய்பவனும் ஒன்றில்லை.

கடையில் இல்லாத சரக்கு

காட் ஆஃப் வார் முதல் பாகம் 2005, இரண்டாம் பாகம் 2007. அந்த இரண்டு பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களையும் சோனி கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரவே இல்லை. அதைவிட வருத்தமான கதை 'ஹனுமான்: பாய் வாரியர்'. ஐதராபாத்தில் அரோனா டெக்னாலஜிஸ் செய்து 2009ல் சோனி வெளியிட்ட ஆட்டம். பிளேஸ்டேஷன் 2க்காக இந்தியாவிலேயே உருவான முதல் ஆட்டம். கடவுளை பட்டனால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் ராஜன் ஜெட் எதிர்ப்புக் கிளப்பியதில்தான் அதன் பெயர் அதிகம் அடிபட்டது. ஆட்டம் சுமார் ரகம்தான். ஆனாலும் இந்திய கேம் வரலாற்றில் அது ஒரு முதல் படி. இன்று அதைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்க வழியே இல்லை.

இது இந்தியாவின் கஷ்டம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு சொன்னது. டிஸ்க்கில் கீறல் விழும், கன்சோலின் லென்ஸ் போகும். கடைசி கன்சோலும் படுத்த பிறகு எஞ்சப்போவது எமுலேட்டர் மட்டும்தான்.

பாகூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது, அதற்கு மூன்று ஊர்கள் தானம் தரப்பட்டன. அந்தக் கல்விச்சாலை இன்று இல்லை. செப்பேட்டில் வெட்டியதைப் பின்னால் வந்தவர்கள் படித்து, படியெடுத்து, அச்சில் ஏற்றியதால் சேதி மட்டும் பிழைத்தது. படியெடுக்க ஆளில்லை என்றால் எதுவும் மிஞ்சாது.

அப்போ எல்லாமே சரியா?

இல்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், சரக்கே இல்லாத இடத்தில் விற்பனை நஷ்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை. செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கினாலும் கம்பெனிக்கு ஒரு பைசா போகாது. ஆனால் சரக்கு இருக்கும்போது கதை மாறுகிறது. டூம்ப் ரைடர் முதல் மூன்று பாகங்கள் மெருகேற்றி 2024ல் கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டன. அதை இன்னும் ஓசியில் இறக்கி ஆடுவதற்கு "கிடைக்கலை" என்று சாக்குச் சொல்ல முடியாது. எனவே:

1. கம்ப்யூட்டரில் முறையாக விற்கிறார்களா? தள்ளுபடிக்குக் காத்திருந்தாவது வாங்கவும்.
2. விற்கவில்லையா? நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய கன்சோலும் டிஸ்க்கும் தேடிப் பிடிக்கலாம். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கை சாதாரண டிவிடி டிரைவே படிக்கும். புது லேப்டாப்பில் இல்லாத அந்த டிரைவ் பழைய டெஸ்க்டாப்பில் இருக்கிறது!
3. "500 கேம் ஒரே பென் டிரைவில்" என்று விற்பவரிடம் மட்டும் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசு ஆட்டத்தை உருவாக்கியவருக்கும் போகாது, எமுலேட்டர் எழுதியவருக்கும் போகாது. இந்த மொத்தக் கதையில் அசல் திருடன் அவர்தான்.

கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. விற்கவும் மாட்டோம், பாதுகாக்கவும் மாட்டோம், அடுத்தவன் பாதுகாத்தால் கேஸ் போடுவோம் என்றால் அது எந்த ஊர் நியாயம்? நியாயமான விலைக்குப் பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தால், வில்லியனூர் பையன் காசு கொடுத்தே வாங்குவான். சினிமாவுக்குக் கொடுப்பவன் இதற்குக் கொடுக்க மாட்டானா என்ன?