மில்லுக்கு வரும் குழந்தை

ஜவ்வாது மலையில் சாமையை அரிசியாக்கும் வேலை தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தோளில்தான் இருந்தது. உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். சாமையின் உமி லேசில் பிரியாது. ரேஷன் கடையில் வெள்ளையரிசி கிடைக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பாடு எதற்கு என்று பல வீடுகளில் சாமைச் சோறு பின்வாங்கியது. கொல்லிமலையிலும் இதே கதைதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களைக் காப்பாற்றப் போனபோது, விதையோடு அரைவை இயந்திரத்தையும் மலைக்கிராமங்களுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கம் சாமையும் தினையும் மில்லில் தீட்டப்பட்டு, பாக்கெட்டில் ஏறிச் சென்னை வரை போகின்றன. உலக்கையிலிருந்து விடுதலை கொடுத்த இயந்திரத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் மில்லுக்கு மூட்டையோடு தாய் வருகிறாள், தாயோடு குழந்தையும் வருகிறது. மலையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த மாவு மில்லிலும், எண்ணெய்ச் செக்கிலும், கரும்பு ஆலையாடும் கொட்டகையிலும் இதைப் பார்க்கலாம். உமிக்குவியல் குழந்தைக்கு மணல்மேடு. சாக்கு அடுக்கு அதற்கு ஏறி விளையாடும் குன்று. மோட்டார் ஓடும் சத்தத்தில் தாய் கூப்பிடுவதும் குழந்தை அழுவதும் ஒருவருக்கொருவர் கேட்காது.

அந்தக் கூடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்றால், பெல்ட்டைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் மில்களில் சாதாரணமாக இருக்கும் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 24 சுற்று. அதன் தண்டில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன புல்லி மாட்டியிருந்தால்கூட, பெல்ட் நொடிக்கு ஏழரை மீட்டர் ஓடுகிறது. விரல் பட்டது என்று மூளைக்குத் தெரிந்து, கையை இழுத்துக்கொள்ள நொடியில் கால்பங்காவது ஆகும். அதற்குள் பெல்ட் ஏறக்குறைய இரண்டு மீட்டர் போய்விட்டிருக்கும். குழந்தையின் முழுக் கையின் நீளமே அரை மீட்டர்தான். சுவிட்ச் போர்டு பெரும்பாலும் வாசலுக்கு அருகே இருக்கும். அங்கே ஓடி, அணைத்து, புல்லி சுற்றி ஓய்வது வரை ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். கதிரடிக்கும் களத்திலும் இப்படித்தான். டிராக்டரின் பின்பக்கம் கருவிகளை ஓட்டும் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுவது, உலகம் முழுக்க உள்ள வழக்கமான வேகம். பாவாடை நுனியோ துண்டோ அதில் சிக்கினால், ஒரே நொடியில் ஒன்பது சுற்று சுற்றிவிடும்.

கம்பி வலை போட்டு மூடினால் போதும் என்று சில மில்காரர்கள் நினைக்கிறார்கள். மூடாமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் வலையின் கண் எவ்வளவு பெரிது, வலைக்கும் பெல்ட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதும் பார்க்க வேண்டியதுதான். ஐ.எஸ்.ஓ. 13857 என்ற பன்னாட்டுத் தரம் இதற்கு இரண்டு அட்டவணைகள் தருகிறது. ஒன்று 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மற்றது மூன்று வயதிலிருந்து. பெரியவரின் விரல் நுழையாத கண்ணில் குழந்தையின் விரல் நுழையும் என்பதால்தான் இரண்டு. நம் பட்டறைகளில் வெல்டிங் செய்து தரும் வலைகள் பெரியவர் கையை நினைத்தே செய்யப்படுகின்றன.

அப்படியானால் ‘குழந்தைகளுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் தீர்ந்ததா? பலகை மில்காரரைக் காப்பாற்றலாம், குழந்தையைக் காப்பாற்றாது. வீட்டு ஆண்கள் கேரளத்துக்கோ கர்நாடகத் தோட்டங்களுக்கோ கூலிக்குப் போயிருப்பார்கள். பாட்டி கொல்லையில் இருப்பாள். சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் அங்கன்வாடி எல்லோருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மாற்று வழி தராத தடை என்ன ஆகும் என்பதை ஜவ்வாது மலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2022 ஏப்ரல் 2 அன்று, புலியூரிலிருந்து சேம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுபிள்ளைகளும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்ற விதி அன்றும் இருந்தது. பேருந்து போகாத மலைப்பாதைகளில் சரக்கு வேன்தான் பேருந்து என்பதும் அன்றும் இருந்தது.

சட்டத்தைப் புரட்டினால் குழந்தைகள் இல்லாமல் இல்லை. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்றது. குடும்பமே நடத்தும் மில்லில் மூட்டை வாயைப் பிடிக்கும் பையன் உதவுகிறானா, வேலை செய்கிறானா? தராசை யார் கையில் கொடுப்பது? குழந்தைக் காப்பகம் பற்றியும் விதி உண்டு. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இந்தக் கணக்கு 50 தொழிலாளர்கள். மின்சாரத்தில் ஓடும் கூடம் தொழிற்சாலை என்று பெயர் பெறவே முன்பு பத்துப் பேர் வேண்டும், இப்போது இருபது பேர். நான்கு பேர் வேலை செய்யும் சாமை மில் எந்தக் கணக்கிலும் வராது. அதன் பெல்ட் மட்டும் பெரிய ஆலையின் பெல்ட்டைப் போலத்தான் சுற்றுகிறது.

வேறு விதமாக எண்ணிய சட்டம் ஒன்றும் நம்மிடம் இருந்தது. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது. எத்தனை தொழிலாளி என்று கேட்கவில்லை, எத்தனை குழந்தை என்று கேட்டது. ஏட்டில் இருந்த அளவுக்கு நடப்பில் இல்லை என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கர்நாடக அரசு 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் ‘கூசின மனெ’ என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்களை அறிவித்ததும் இந்த வழியில்தான். இன்னும் பின்னோக்கிப் போனால் 1969. காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக டெல்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் தொழிலாளர் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன், அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். ‘மொபைல் கிரெச்சஸ்’ அமைப்பு அப்படிப் பிறந்தது. வேலை எங்கே நகர்கிறதோ அங்கே காப்பகமும் நகர வேண்டும் என்பதே அதன் யோசனை.

இயந்திரத்தின் பக்கத்திலிருந்தும் சரிசெய்யலாம். பசுமைப் புரட்சிக்குப் பிறகு வட இந்தியக் களங்களில் கதிரடிக்கும் இயந்திரங்கள் கைகளைத் தின்றன. 1983இல் அதற்கென்றே அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிரைத் தள்ளும் வாய்க்கு மூடி போட்டு நீளமாக்குவது தரமாக வகுக்கப்பட்டது. அப்போது சட்டம் தொழிலாளியைப் பார்த்து ‘ஜாக்கிரதை’ என்று சொன்னதோடு நிற்கவில்லை, இயந்திரம் செய்பவரிடமும் போய்க் கேட்டது.

குழந்தைகள் இயந்திரத்தையே பார்க்கக் கூடாது என்று சொன்னால் அதுவும் தவறு. ஜவ்வாது மலையிலேயே காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1986 ஜனவரியில் திறக்கப்பட்டபோது ஆசியாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று, இந்தியாவிலேயே செய்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் பார்க்கலாம். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். அங்கே நேரம் உண்டு, நிற்கும் இடம் உண்டு, விளக்கிச் சொல்ல ஆள் உண்டு. பெல்ட்டும் புல்லியும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு மலைக்குழந்தை கேட்க ஆசைப்பட்டால், மோட்டாரை நிறுத்திவிட்டுக் காட்டலாம், தொட்டுப் பார்க்கவும் விடலாம். 14 வயதானால் ஐ.டி.ஐ. கதவு திறக்கிறது. மில் கூடத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த இரண்டிலும் சேராது.

சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கு மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 2020 முதல் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது, உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் இயந்திரத்தின் விலைப்பட்டியலைத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் பெல்ட்டுக்குக் குழந்தை விரல் நுழையாத மூடியும், கைக்கெட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தானும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்க அதிகம் செலவில்லை. கூடத்தை ஒட்டி, கதவு வெளிப்புறம் திறக்கும் ஒரு சிறு அறைக்கும் அதே மானியத்தில் இடம் கொடுக்கலாம். அறுவடை மாதங்களில் மில் ஓடும் நாட்களுக்கு மட்டும், மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுத்துப் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லலாம். மில்காரர் தனியாக இதைச் சுமக்க முடியாது, பஞ்சாயத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பங்கு போட வேண்டும். சாமை அறுவடைக்கு முன் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் மூட்டைகள் வரத் தொடங்கிவிட்டால் மில்லில் யாருக்கும் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது.